சொல்லிக்கொடுக்கவே கற்பவர்கள்

அமெரிக்காவில் ஸ்ட்ராபெரி, திராட்சை, லெட்டூஸ் கீரை போன்றவற்றை இன்றும் பெரும்பாலும் மனிதக் கைகள்தான் பறிக்கின்றன. அந்தக் கைகள் யாருடையவை என்பதை அந்நாட்டுத் தொழிலாளர் துறை தொடர்ந்து கணக்கெடுத்து வருகிறது. 2019–2020 கணக்கெடுப்பின்படி, பயிர்த்தொழிலில் இருப்பவர்களில் 100க்கு 63 பேர் மெக்சிகோவில் பிறந்தவர்கள். பெரும்பாலோருக்கு வசதியாகப் பேச வருவது ஸ்பானிய மொழி. சராசரிப் பள்ளிப்படிப்பு ஒன்பதாம் வகுப்பு. 100க்கு 44 பேரிடம் அந்நாட்டில் வேலை செய்வதற்கான சட்டப்படியான அனுமதி கிடையாது.

இவர்களுக்கு மருத்துவ வசதியே இல்லை என்று சொல்லிவிட முடியாது. 1962இல் அதிபர் கென்னடி கையெழுத்திட்ட புலம்பெயர் தொழிலாளர் சுகாதாரச் சட்டத்திலிருந்து, அரசு உதவியோடு நடக்கும் கிளினிக்குகள் இருக்கின்றன. ஆனால் கிளினிக் ஊருக்குள் இருக்கிறது, வயல் எங்கோ இருக்கிறது. விடிவதற்கு முன்பே வேலைக்குப் போய்விடுகிறார்கள். பல இடங்களில் பெட்டிக் கணக்கில்தான் கூலி; இரண்டு மணி நேரம் டாக்டரிடம் போனால் அத்தனை பெட்டிக் காசும் போயிற்று. வழியில் போலீஸ் வண்டியை நிறுத்திவிட்டால் என்ன ஆகும் என்கிற பயம் வேறு.

இந்த இடைவெளியில் நின்று வேலை செய்கிறவர்கள்தான் சமூக சுகாதாரப் பணியாளர்கள். ஸ்பானியத்தில் ப்ரொமோத்தோரா என்கிறார்கள். பெரும்பாலும் பெண்கள். பலர் தாங்களே குனிந்து ஸ்ட்ராபெரி பறித்தவர்கள், அல்லது பறிக்கிறவர்களின் மனைவியோ மகளோ. தொழிலாளர்கள் தங்கும் முகாம்களுக்கும் டிரெய்லர் வீடுகளுக்கும், தேவாலய வாசலுக்கும், துணி துவைக்கும் கடைக்கும் போய்ப் பேசுகிறார்கள். சர்க்கரையைப் பரிசோதித்துக்கொள்ளச் சொல்வது, பூச்சிமருந்திலிருந்து தப்பிக்கும் வழி சொல்வது, கர்ப்பிணியை கிளினிக்குக்குக் கூட்டிப்போவது எல்லாம் இவர்கள் வேலை. 1980களில் மிச்சிகன் மாநிலத்தில், முகாமில் தங்கியிருக்கும் தொழிலாளர்களிலிருந்தே ஆள் எடுத்துப் பயிற்சி கொடுத்தது இந்த முறைக்கு ஒரு முக்கியமான தொடக்கம்.

ஊருக்குச் சொல்லிக்கொடுக்கும் இவர்களுக்கு யார், எப்படிச் சொல்லிக்கொடுக்கிறார்கள்? இவர்கள் எப்படிக் கற்க விரும்புகிறார்கள்? பயிற்சி கொடுப்பவர்கள் இதைச் சரியாகப் புரிந்துகொண்டால் ஒரு தொழிலாளியின் உயிர் பிழைக்கும். தவறவிட்டால் அச்சடித்த துண்டுப்பிரசுரங்கள் வண்டியின் பின்சீட்டில் கிடக்கும். அதனால்தான் இதைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்க வேண்டியிருக்கிறது.

முதலில் ஒன்றைத் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும். நாம் பெரும்பாலும் தேர்வுக்காகவோ, வேலைக்காகவோ, நமக்காகவோ படிக்கிறோம். ஒரு ப்ரொமோத்தோரா இன்று காலையில் கேட்டதை நாளை மாலையில் பத்துப் பேரிடம் சொல்லியாக வேண்டும். அந்தப் பத்துப் பேரும் வேலை முடிந்து களைத்துப்போய் வந்தவர்கள். அடுப்பில் ஏதோ வெந்துகொண்டிருக்கும், குழந்தை அழுதுகொண்டிருக்கும், ஒருவர் செருப்பைக் கழற்றிவிட்டுக் காலைத் தேய்த்துக்கொண்டிருப்பார். அங்கே மின்திரை கிடையாது, பலகை கிடையாது. ஆகவே பயிற்சி வகுப்பில் உட்கார்ந்திருக்கும்போதே அவள் மனதில், 'இதை நான் எப்படிச் சொல்வேன்' என்ற கேள்வி ஓடிக்கொண்டேயிருக்கிறது. தான் எந்த வழியில் சொல்லப்போகிறாளோ அந்த வழியிலேயே தனக்கும் சொல்லித்தர வேண்டும் என்று எதிர்பார்க்கிறாள். அவளுக்குப் பயிற்சி என்பதே அந்த மாலைப் பொழுதுக்கான ஒத்திகை.

பூச்சிமருந்துப் பயிற்சியை எடுத்துக்கொள்ளலாம். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் விதிப்படி, மருந்தடித்த வயலில் வேலை செய்யும் ஒவ்வொருவருக்கும் அவருக்குப் புரியும் மொழியில் பாதுகாப்புப் பயிற்சி கொடுத்தாக வேண்டும். முன்பு ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை என்று இருந்ததை, 2015இல் திருத்திய விதி ஆண்டுக்கு ஒருமுறை ஆக்கியது. பல இடங்களில் இது ஒரு வீடியோவைப் போட்டுக்காட்டிக் கையெழுத்து வாங்குவதோடு முடிந்துவிடுகிறது. 'மருந்தின் எச்சம் உங்கள் உடலில் ஒட்டிக்கொள்ளலாம்' என்று வீடியோ சொல்லும். கண்ணுக்குத் தெரியாத ஒன்றை யார் நம்புவார்கள்?

இதற்கு ஒரு நல்ல முறை புழக்கத்தில் இருக்கிறது. பகல் வெளிச்சத்தில் தெரியாத, ஆனால் புற ஊதா விளக்கின் கீழ் பளிச்சென்று ஒளிரும் ஒரு பொடி உண்டு. பயிற்சி தொடங்கும்போதே ஒரு தட்டுப் பழத்திலோ, நாற்காலியின் கைப்பிடியிலோ அதைத் தடவி வைத்துவிடுகிறார்கள். யாரிடமும் சொல்வதில்லை. எல்லோரும் பழத்தை எடுக்கிறார்கள், கைகுலுக்குகிறார்கள், முகத்தைத் துடைக்கிறார்கள், செல்போனைப் பார்க்கிறார்கள். ஒரு மணி நேரம் கழித்து விளக்குகளை அணைத்துவிட்டுப் புற ஊதா விளக்கைக் காட்டுகிறார்கள். விரல் இடுக்கில், உதட்டோரத்தில், சட்டைக் காலரில், செல்போனில், பக்கத்தில் இருப்பவரின் தோளில் எல்லாம் பச்சையாக ஒளிர்கிறது. கூடவே வந்த குழந்தையின் கன்னத்தில் ஒளிர்ந்தால் யாரும் அதற்குமேல் எதையும் விளக்க வேண்டியதில்லை. வேலை முடிந்து வந்ததும் குழந்தையைத் தூக்குவதற்கு முன் ஏன் உடை மாற்ற வேண்டும், வேலைத்துணியை ஏன் தனியாகத் துவைக்க வேண்டும் என்ற கேள்விகளுக்கு அங்கேயே விடை கிடைத்துவிடுகிறது.

இந்தப் பயிற்சியை முடித்த ப்ரொமோத்தோரா பயிற்றுநரிடம் கேட்பது கையேடு அல்ல. அந்தப் பொடியும் விளக்கும் எங்கே கிடைக்கும், எனக்கு ஒன்று தருவீர்களா என்றுதான் கேட்பாள். நல்ல பயிற்சியை இந்தக் கேள்வியை வைத்தே அடையாளம் காணலாம் என்று எனக்குத் தோன்றுகிறது.

செய்து பார்த்துக் கற்பது இவர்களுக்குப் பிடித்திருப்பதற்கு ஒரு நீண்ட வரலாறும் உண்டு. 1963இல் பிரேசில் நாட்டின் வடகிழக்கில் ஆங்கிகோஸ் என்ற ஊரில், பாவ்லோ ஃப்ரேரே என்ற கல்வியாளர் சுமார் 300 தொழிலாளர்களுக்கு 40 மணி நேர வகுப்புகளில் எழுதப் படிக்கக் கற்றுத்தரும் முயற்சியை நடத்தினார். அரிச்சுவடியில் தொடங்காமல் அவர்கள் வாழ்க்கையில் இருந்த சொற்களில் தொடங்கினார். கட்டட வேலை செய்கிறவரிடம் 'செங்கல்' என்ற சொல்லை வைத்துக்கொண்டு, செங்கலை யார் சுடுகிறார்கள், யார் வீடு கட்டிக்கொள்கிறார்கள் என்று பேச்சு வளரும். அடுத்த ஆண்டு ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. ஃப்ரேரே சிறைக்குப் போனார், பிறகு நாடு விட்டுப் போனார். ஆனால் அவருடைய முறை லத்தீன் அமெரிக்கா முழுக்கப் பரவி, அங்கிருந்து வேலை தேடி வடக்கே வந்தவர்களோடு கலிபோர்னியாவுக்கும் டெக்சஸுக்கும் வந்து சேர்ந்தது.

மருத்துவத்தில் இதே வழியில் போனவர் டேவிட் வெர்னர். உயிரியல் ஆசிரியரான அவர் 1960களில் மெக்சிகோவின் சினலோவா மாநில மலைப்பகுதிக்குப் போய், அஹோயா என்ற கிராமத்தை மையமாக வைத்து, கிராமத்து மக்களையே சுகாதாரப் பணியாளர்களாக உருவாக்கும் திட்டத்தில் ஈடுபட்டார். 'டாக்டர் இல்லாத இடத்தில்' என்று பொருள்படும் அவருடைய புத்தகம் 1973இல் ஸ்பானியத்தில் வந்து, பிறகு உலகம் முழுக்கப் போனது. சுகாதாரப் பணியாளர்களுக்குக் கற்றுத்தருவது எப்படி என்பதற்கே தனியாக 1982இல் பில் பவருடன் சேர்ந்து இன்னொரு புத்தகமும் எழுதினார்.

அந்தப் புத்தகத்தில் வரும் சுரைக்குடுக்கைப் பொம்மையை ஒருமுறை பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். ஒரு குடுக்கையைக் குழந்தை போலச் செய்து, உச்சியில் ஓட்டை போட்டு, அதன் மேல் ஈரத்துணியை வைத்து, நீர் நிரப்புகிறார்கள். அடியில் இருக்கும் அடைப்பைப் பிடுங்கினால் குழந்தைக்கு வயிற்றுப்போக்கு. நீர் இறங்க இறங்க உச்சித்துணி உள்ளே குழிகிறது. நீர் வற்றிய குழந்தையின் உச்சிக்குழி எப்படி இருக்கும் என்பது கண்ணெதிரே தெரிகிறது. வெளியே போகிற அளவுக்கு உள்ளே ஊற்றிக்கொண்டே இருந்தால் துணி குழியாது என்பதையும் அவர்களே ஊற்றிப் பார்த்துக் கண்டுபிடிக்கிறார்கள். 'நீரிழப்பு' என்ற சொல்லை எழுதிப் போடாமலே பாடம் முடிகிறது.

இனி நடிப்பு. 1965இல் கலிபோர்னியாவின் டெலானோவில் திராட்சைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, லூயிஸ் வால்டெஸ் என்பவர் தொழிலாளர்களையே நடிகர்களாக்கி, லாரியின் பின்தட்டில் குறுநாடகங்கள் போட்டார். கழுத்தில் தொங்கும் அட்டையில் 'முதலாளி', 'கங்காணி' என்று எழுதியிருக்கும், அவ்வளவுதான் வேஷம். அந்த மரபு பயிற்சி அறைகளிலும் தொடர்கிறது. ஒருத்தி வேலைக்காரி, ஒருத்தி மேஸ்திரி. வேலைக்காரிக்குத் தலை சுற்றுகிறது. நிழலில் உட்காரக் கேட்கிறாள். 'இந்த வரிசையை முடித்துவிட்டு உட்கார்' என்கிறார் மேஸ்திரி. இப்போது என்ன சொல்வது?

கலிபோர்னியாவில் 2005 முதல் இதற்குச் சட்டம் இருக்கிறது. ஒவ்வொரு தொழிலாளிக்கும் மணிக்கு ஏறக்குறைய ஒரு லிட்டர் குடிநீர் கிடைக்க வேண்டும், கேட்டால் நிழலில் ஓய்வு தர வேண்டும். அப்படியிருந்தும் 2008இல் ஸ்டாக்டன் அருகே ஒரு திராட்சைத் தோட்டத்தில் 17 வயதுக் கர்ப்பிணிப் பெண் வெயிலில் சுருண்டு விழுந்து, இரண்டு நாளில் இறந்துபோனாள். சட்டத்தில் என்ன இருக்கிறது என்பதை ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடலாம். மேஸ்திரியின் முகத்தைப் பார்த்து அதைக் கேட்கும் வாக்கியத்தை வாயில் வரவழைப்பதுதான் கடினம். கேட்டால் நாளைக்கு வேலை இருக்குமா என்ற பயத்தோடு சேர்த்து அதைப் பழக வேண்டும். அறையில் பத்துப் பேர் பத்து விதமாகச் சொல்லிப் பார்ப்பார்கள். 'அவளைப் பார், உதடு வெளுத்துப்போச்சு, ஆம்புலன்ஸ் வந்தால் உனக்குத்தான் கேள்வி' என்று ஒருத்தி சொன்னது எடுபடும் என்று எல்லோரும் சேர்ந்து முடிவுக்கு வருவார்கள். இதை எந்த நிபுணரும் எழுதித் தர முடியாது.

கற்பவர்களிடம் ஏற்கெனவே இருக்கும் அறிவை மதிப்பது என்பது வெறும் மரியாதைப் பேச்சல்ல. அது இல்லாமல் பாடம் நடக்காது. ஒரு உதாரணம். வேலை முடிந்ததும் உடனே குளியுங்கள், மருந்தின் எச்சம் போய்விடும் என்பது வழக்கமான அறிவுரை. ஆனால் மெக்சிகோவிலிருந்து வந்த தொழிலாளர்களில் பலர், உடல் சூடாக இருக்கும்போது தண்ணீர் பட்டால் மூட்டுவலி வரும் என்று நம்புகிறார்கள். வேர்வை அடங்காமல் குளிக்காதே என்று சொல்லி வளர்க்கப்பட்ட நமக்கு இது ஒன்றும் புதிதல்ல. பயிற்றுநர் இதை மூடநம்பிக்கை என்று ஒதுக்கினால், அறையில் இருக்கும் பெண்கள் தலையாட்டிவிட்டுப் பேசாமல் இருந்துவிடுவார்கள்; முகாமில் யாரும் குளிக்க மாட்டார்கள். பேசவிட்டால் அவர்களே வழி சொல்வார்கள்: வந்ததும் வேலைத்துணியைக் களைந்து வேறு உடுத்திக்கொள்ளட்டும், கைமுகத்தைச் சோப்புப் போட்டுக் கழுவட்டும், உடம்பு ஆறியதும் வெதுவெதுப்பான நீரில் குளிக்கட்டும். மருந்தும் போகும், நம்பிக்கையும் புண்படாது. இந்த யோசனை வர வேண்டுமானால் வகுப்பில் பயிற்றுநரைவிட மற்றவர்கள் அதிகம் பேச வேண்டும்.

வட கரோலினாவின் புகையிலைத் தோட்டங்களிலும் இதே கதைதான். விடிகாலைப் பனியில் நனைந்த இலையைத் தொட்டு வேலை செய்தால் நிகோட்டின் தோல் வழியாக ஏறி, வாந்தி, தலைசுற்றல் வரும். ஈர இலைதான் படுத்துகிறது என்பது தொழிலாளர்களுக்கு அனுபவத்தில் தெரியும். ஏன் என்பதை மட்டும் சேர்த்துவிட்டால், மழைக்கோட்டும் கையுறையும் எதற்கு என்பதை அவர்களே மற்றவர்களுக்குச் சொல்லிவிடுவார்கள்.

படம், விளையாட்டு, வானொலி எல்லாம் இவர்களுக்குப் பிடித்த கருவிகள். லொத்தேரியா என்று மெக்சிகோவில் வீட்டுக்கு வீடு ஆடும் ஒரு விளையாட்டு, நம் தம்போலாவைப் போல, ஆனால் எண்ணுக்குப் பதில் படம். அந்தப் படங்களை மாற்றிக் கையுறை, தண்ணீர்க் குடம், எச்சரிக்கைப் பலகை என்று போட்டு, ஒவ்வொரு படம் வரும்போதும் அதைப் பற்றி ஒரு பேச்சு. புகைப்படக் கதைப் புத்தகங்களும் வானொலி நாடகங்களும் உண்டு.

ஆனால் இங்கேதான் பல அமைப்புகள் தடுக்கி விழுகின்றன. பள்ளிப்படிப்பு குறைவு, ஆகவே படம் மட்டும் போதும், விஷயத்தை மேலோட்டமாகச் சொன்னால் போதும் என்று நினைத்துவிடுகிறார்கள். இது பெரிய தவறு. ப்ரொமோத்தோராக்கள் ஆழமாகத் தெரிந்துகொள்ள விரும்புகிறார்கள். இன்சுலின் உடம்புக்குள் போய் என்ன செய்கிறது, இந்த மாத்திரையை வெறும் வயிற்றில் ஏன் போடக்கூடாது, பூச்சிமருந்து நரம்பை எப்படிப் பாதிக்கிறது என்று குடைந்து குடைந்து கேட்பார்கள். காரணம் எளிது: முகாமில் அவர்களிடம் அப்படித்தான் கேட்கிறார்கள். 'தெரியாது, கேட்டுச் சொல்கிறேன்' என்று ஒருமுறை சொல்லலாம், ஒவ்வொரு முறையும் சொன்னால் யார் நம்புவார்கள்? எளிமையாகச் சொல்வதற்கு நிறையத் தெரிந்திருக்க வேண்டும். ஆகவே மருத்துவரோ செவிலியரோ நேரில் வந்து, அவசரப்படாமல் கேள்விகளுக்குப் பதில் சொல்லும் நேரத்தை இவர்கள் மிகவும் மதிக்கிறார்கள். படித்துப் பார்க்க ஸ்பானியத்தில் நல்ல அச்சுப் புத்தகம் வேண்டும் என்றும் கேட்கிறார்கள். பேச்சுக்கும் நாடகத்துக்கும் பிறகு, இரவில் தனியாகப் புரட்டிச் சரிபார்த்துக்கொள்ள அது வேண்டும்.

ஸ்பானியமும் எல்லோருக்கும் தாய்மொழியல்ல. தெற்கு மெக்சிகோவின் ஓஹாகா, கெரெரோ மாநிலங்களிலிருந்து வந்த மிஷ்டெக், சபோட்டெக், திரிகி மக்கள் கலிபோர்னியாவின் ஸ்ட்ராபெரி வயல்களில் ஏராளம். மிஷ்டெக் மொழியில் குரலின் ஏற்ற இறக்கம் மாறினால் பொருளே மாறும். ஊருக்கு ஊர் பேச்சு வேறு. ஒரு ஊர்க்காரர் பேசுவது இன்னொரு ஊர்க்காரருக்குப் புரியாமல் போகலாம். எழுதிப் படிக்கும் பழக்கம் அம்மொழியில் மிகக் குறைவு. ஆக்ஸ்னார்டு நகரத்தில் இம்மக்களின் அமைப்பு ஒன்று தன் வானொலியை இந்த மொழிகளிலேயே நடத்துகிறது. இவர்களிலிருந்து வரும் ப்ரொமோத்தோராக்கள் பயிற்சியை ஸ்பானியத்தில் கேட்டு, மிஷ்டெக்கில் சொல்ல வேண்டியவர்கள். அவர்களுக்கு வேண்டியது வகுப்புக்குள்ளேயே தனியாகக் கொஞ்ச நேரம்: தங்களுக்குள் உட்கார்ந்து, இதை நம் பேச்சில் எப்படிச் சொல்வது என்று பேசித் தீர்த்து, ஒருவருக்கொருவர் சொல்லிப் பார்த்துக்கொள்ள. பெரும்பாலான நிகழ்ச்சி நிரல்களில் அந்த நேரம் இருப்பதில்லை.

நேரத்தைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. வார நாள் காலை ஒன்பது மணிக்குப் பயிற்சி வைத்தால், இன்னும் வயலில் வேலை செய்துகொண்டே இதைச் செய்கிறவள் வர மாட்டாள். அறுவடைக் காலத்தில் எந்தப் பயிற்சியும் ஓடாது. குளிர்காலத்தில், வேலை குறைந்திருக்கும்போது, ஞாயிறு மதியமோ மாலை ஆறுக்குப் பிறகோ வைத்தால் வருவார்கள். குழந்தையைக் கூட்டிவரலாம், சாப்பாடு உண்டு, பெட்ரோல் காசு உண்டு என்றால் நிச்சயம் வருவார்கள். இவையெல்லாம் சலுகைகளாகத் தெரியலாம். பாடத்திட்டம் எவ்வளவு முக்கியமோ அவ்வளவு முக்கியமானவை இவை.

2020இல் கொரோனா வந்தபோது எல்லாம் செல்போனுக்கு மாறியது. சமையலறை மேஜையில் போனைச் சாய்த்துவைத்துக்கொண்டு ஜூம் வகுப்புகளில் உட்கார்ந்தார்கள். தொலைதூரத்தில் இருப்பவர்களுக்கு இது வசதி, பயணம் மிச்சம். ஆனால் வயலோரக் குடியிருப்புகளில் இணையம் விட்டுவிட்டுத்தான் வரும், டேட்டாவும் சீக்கிரம் தீர்ந்துபோகும். நிலைத்தது வாட்ஸப். இரண்டு நிமிட வீடியோ, குரல் செய்தி, ஒரு படம்: தான் கேட்டுப் புரிந்துகொண்டதை அப்படியே தொழிலாளிக்கும் அனுப்பிவிடலாம் என்பதால் அதை விரும்புகிறார்கள். சந்தேகம் வந்தால் குழுவில் கேட்டால் அரை மணியில் யாராவது பதில் சொல்கிறார்கள். இருந்தாலும் குடும்ப வன்முறை, மன அழுத்தம், வயலில் நடக்கும் பாலியல் தொல்லை போன்றவற்றைத் திரை வழியாகக் கற்பிக்கப் பார்ப்பது வீண் என்றே நினைக்கிறேன். எந்த இடத்தில் பேச்சை நிறுத்த வேண்டும், எப்போது தோளைத் தொடலாம் என்பதை எதிரே ஒருவர் உட்கார்ந்தால்தான் பழக முடியும். இந்தக் கதைகளை நாள் முழுக்கக் கேட்கும் ப்ரொமோத்தோராவுக்கே ஆறுதல் வேண்டியிருக்கிறது. அவள் சக பணியாளர்களை நேரில் பார்த்து மனம்விட்டுப் பேசுவதும் பயிற்சியின் ஒரு பகுதிதான்.

கடைசியாக, சான்றிதழும் சம்பளமும். டெக்சஸ் மாநிலம் 160 மணி நேரப் பயிற்சியை முடித்தவர்களுக்குச் சான்றிதழ் தருகிறது. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை 20 மணி நேரம் கூடுதலாகக் கற்றுப் புதுப்பித்துக்கொள்ள வேண்டும். பள்ளியைப் பாதியில் விட்ட பெண்ணுக்கு அந்தக் காகிதம் பெரிய விஷயம். கிளினிக்கில் ஒரு நாற்காலி கிடைக்கும், மருத்துவர் தொலைபேசியில் பேசுவார். ஆனால் மானியத்தில் ஓடும் வேலைகள் பல; மானியம் முடிந்தால் பயிற்சி பெற்றவள் மறுபடி பழம் கட்டும் கொட்டகைக்குத்தான் போகிறாள். கலிபோர்னியா 2022 ஜூலை முதல், ஏழைகளுக்கான தன் மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்திலிருந்தே இவர்களின் சேவைக்குப் பணம் தரத் தொடங்கியது. அதற்குத் தகுதி பெற ஒரு வழி சான்றிதழ். இன்னொரு வழி அனுபவம்: முந்தைய மூன்று ஆண்டுகளில் 2,000 மணி நேரம் இந்த வேலையைச் செய்திருந்தால் போதும். ஆனால் அந்த வழியில் வருகிறவர்களும் 18 மாதத்துக்குள் சான்றிதழ் வாங்கிவிட வேண்டும். முகாம்களில் இருபது ஆண்டுகள் பேசிப் பேசிக் கற்ற ஒருத்தி, அதற்காக எந்த வகுப்பில், எந்த மொழியில், எந்த நேரத்தில் போய் உட்கார வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் கூட்டங்களில் அவளுக்கும் ஒரு இடம் வேண்டும் என்று ப்ரொமோத்தோராக்களின் சங்கங்கள் கேட்டுக்கொண்டிருக்கின்றன.